ஒன்பதாம் மாதத்தில் குழந்தையை இழந்த தங்கை: வீட்டில் யாரும் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை

மதியழகி_கரூர்

வணக்கம். என் தங்கைக்கு இது முதல் பிரசவம். 35 வாரம் முடிந்திருந்தது. குழந்தை அசையவில்லை என்று மருத்துவமனைக்குப் போனாள். ஸ்கேனில் துடிப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுநாள் வலி வரவைத்துப் பிரசவம் பார்த்தார்கள். பெண் குழந்தை. என் சித்தப்பாவும் தங்கையின் மாமனாரும் அன்று மாலையே இடுகாட்டில் புதைத்துவிட்டு வந்தார்கள். தங்கை முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் மறக்க முடியாது என்று பெரியவர்கள் தடுத்துவிட்டார்கள்.

இப்போது தாய்வீட்டில் இருக்கிறாள். அவள் வருவதற்கு முன்பே அம்மா தொட்டில் துணி, சின்னச் சட்டைகள் எல்லாவற்றையும் மூட்டை கட்டிப் பரண்மேல் ஏற்றிவிட்டார். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் 'சின்ன வயதுதானே, அடுத்த வருடமே பெற்றுக்கொள்ளலாம்' என்கிறார்கள். அவளும் தலையசைக்கிறாள். இரவில் தூங்குவதில்லை. வளைகாப்பில் போட்ட கண்ணாடி வளையல்களைக் கழற்ற மாட்டேன் என்கிறாள். அம்மாவுக்கு அது அபசகுனமாகப் படுகிறது, தினமும் அதைப் பற்றி வாக்குவாதம். அவள் கணவர் நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார் என்று ஊர் வேறு பேசுகிறது.

எங்கள் தாத்தா இறந்தபோது கருமாதி வரைக்கும் வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள். யார் எப்போது அழவேண்டும், யார் சோறு ஆக்கவேண்டும் என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. இந்தக் குழந்தைக்கு எந்த முறையும் இல்லை. நான் என்ன செய்யவேண்டும் என்று தெரியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வாசுகி_தேனி

மதி, முதலில் அந்த வளையலை விட்டுவிடச் சொல்லுங்கள். ஏழாம் மாதத்தில் கைநிறைய அடுக்கியதே வயிற்றில் இருக்கிற பிள்ளைக்குச் சத்தம் கேட்கட்டும் என்றுதான். பிள்ளைக்கென்று நடந்த ஒரே சடங்கு அது. அதைக் கழற்றும் நாளை அவளே முடிவு செய்யட்டும். அம்மாவிடம் நீங்கள் நயமாகச் சொன்னால் கேட்பார்.

எனக்கும் தலைப்பிள்ளை 38 வாரத்தில் இறந்து பிறந்தான். அவனுக்குப் பிறகு இரண்டு பேர் பிறந்து இன்று பள்ளிக்கூடம் போகிறார்கள். எத்தனை குழந்தைகள் என்று பஸ்ஸில் யாராவது கேட்டால் இரண்டு என்று சொல்கிறேன். சொல்லிவிட்டு மனதுக்குள் அவனிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அடுத்த குழந்தை வந்தால் சரியாகிவிடும் என்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ளவேண்டும். அடுத்த குழந்தை அடுத்த குழந்தைதான். போனவனின் இடத்தில் வந்து உட்காராது.

அவளுக்குப் பால் கட்டியதா என்று யாராவது கேட்டீர்களா? எனக்கு மூன்றாம் நாள் மார்பு கல்லாகக் கனத்தது. ரவிக்கை நனைந்தது. பிள்ளை இல்லையென்று உடம்புக்கு யார் சொல்வது? ஒருவரும் இதை எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. குளியலறையில் தனியாக நின்று அழுதேன். இதைப் பற்றி ஒரு பெண் அவளிடம் பேசவேண்டும். நீங்கள்தான் அக்கா, நீங்களே பேசுங்கள்.

இன்னொன்று. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனவர் உங்கள் சித்தப்பா. அவர் முகத்தைப் பார்த்திருப்பார். முடி எப்படி இருந்தது, யார் சாயல், எந்த இடத்தில் வைத்தார்கள், என்ன துணி சுற்றினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவரை வந்து அவளிடம் சொல்லச் சொல்லுங்கள். எனக்கு அதைச் சொல்ல ஒருவர் கிடைக்கப் பல வருடம் ஆயிற்று. பிரசவ அறையில் இருந்த ஆயா அம்மாவைத் தற்செயலாகச் சந்தையில் பார்த்தேன். 'உன் பிள்ளைக்கு நெற்றி வரைக்கும் முடி' என்றார். அன்றைக்குத்தான் எனக்கு அவன் ஒரு ஆளாகத் தெரிந்தான்.

முத்துவேல்_ஓய்வு

வயதில் மூத்தவன் என்ற உரிமையில் சற்று மாறுபட்டுச் சொல்கிறேன். பெரியவர்கள் கல்நெஞ்சத்தால் முகம் காட்டாமல் இருப்பதில்லை. பச்சை உடம்புக்காரி இடுகாட்டுக்கு வரக்கூடாது என்பதும், துணிமணிகளை ஒதுக்கி வைப்பதும் அந்தப் பெண் எழுந்து நடமாடவேண்டும் என்பதற்காகத்தான். எங்கள் தலைமுறையில் பிள்ளை சாகாத வீடு குறைவு. ஒவ்வொன்றுக்கும் பதினாறு நாள் உட்கார்ந்திருந்தால் வயலுக்கு யார் போவது? திரும்பத் திரும்பக் கிளறினால் புண் ஆறாது. சித்தப்பாவைக் கூட்டிவந்து விவரம் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

வாசுகி_தேனி

ஐயா, உங்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் எழுந்து நடமாடுவது வேறு, மறப்பது வேறு. நான் எட்டாம் நாளே எழுந்து நடமாடினேன். மறந்துவிட்டேன் என்று எல்லாரும் நிம்மதி அடைந்தார்கள். மறக்கவில்லை என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

செவிலியர்_பிரசவப்பிரிவு

இருபது ஆண்டுகளுக்கு மேல் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். மதியழகி, சில விஷயங்களைச் சொல்லவேண்டும். இது நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இறந்த குழந்தையை ஏன் ஆபரேஷன் செய்து எடுக்கவில்லை என்று உங்கள் வீட்டிலும் யாராவது கேட்டிருப்பார்கள். வேறு சிக்கல் எதுவும் இல்லையென்றால் வலி வரவைத்துப் பெறவைப்பதுதான் தாயின் உடம்புக்குப் பாதுகாப்பு. அடுத்த பிரசவத்துக்கும் அது நல்லது. கொடுமைப்படுத்துவதற்காகச் செய்ததல்ல என்று தங்கைக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

பால் கட்டியிருந்தால் நன்றாகத் தாங்குகிற, உறுத்தாத உள்ளாடை போடட்டும், குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள், பிழிந்து எடுத்துக்கொண்டே இருக்கவேண்டாம். பிழியப் பிழியச் சுரக்கும். பாலை நிறுத்த மாத்திரையும் உண்டு, இரத்த அழுத்தம் இருந்தவர்களுக்கு அது ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதால் மருத்துவர் சொல்லாமல் வாங்கக்கூடாது. நம் பாட்டிகள் மல்லிகைச் சரத்தை மார்பில் வைத்துக் கட்டுவார்கள். அது வெறும் நம்பிக்கை அல்ல. பால் நிறுத்தும் மாத்திரையோடு மல்லிகையை ஒப்பிட்டு 1988-இல் ஆய்வுக் கட்டுரையே வெளிவந்திருக்கிறது, இரண்டுமே பாலைக் குறைத்தன. காய்ச்சல், மார்பில் சிவந்த கட்டி, அதிக இரத்தப்போக்கு, துர்நாற்றம் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பிள்ளை இல்லாத பிரசவம் என்பதால் தாயின் உடம்பை வீட்டில் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் அவளுக்கும் உண்டு. அவளும் பிள்ளை பெற்றவள்.

முகம் பார்ப்பது பற்றி: பார்க்கவே கூடாது என்பதும் பார்த்தே ஆகவேண்டும் என்பதும் இரண்டும் தவறு. தாயைக் கேட்கவேண்டும். ஒருமுறை வேண்டாம் என்றால் ஒரு மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்கவேண்டும். சிலர் உறுதியாக வேண்டாம் என்பார்கள், அதுவும் அவர்கள் உரிமை. உங்கள் தங்கையிடம் கேட்கவே இல்லை, வருத்தம் அதுதான். இனி முகத்தைக் காட்ட முடியாது. ஆனால் குழந்தை பிறந்த நேரம், எடை, தலைச் சுற்றளவு எல்லாம் மருத்துவமனைப் பதிவேட்டில் இருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். சில வார்டுகளில் கால்ரேகை எடுத்து வைத்திருப்பார்கள், கேட்டுப் பாருங்கள்.

அந்தப் பிறப்பைப் பதிவும் செய்யவேண்டும். 1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தில் இறந்து பிறந்த குழந்தையும் பிறப்புக் கணக்கில்தான் வருகிறது, அதற்கென்று தனிப் படிவம் உண்டு. 21 நாளுக்குள் பதியவேண்டும். மருத்துவமனையில் பிறந்திருந்தால் அவர்களே அனுப்பியிருக்கவேண்டும். அனுப்பினார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

ரஹ்மத்_காயல்

எங்கள் வீட்டில் என் மதினிக்கு ஆறாம் மாதத்தில் இப்படி ஆனது. குழந்தைக்குப் பெயர் வைத்து, குளிப்பாட்டி, கஃபன் துணியில் சுற்றி அடக்கம் செய்தோம். இன்றும் துஆவில் (பிரார்த்தனையில்) அந்தப் பெயரைச் சொல்கிறோம். உங்கள் தங்கை மனதில் ஏதாவது பெயர் வைத்திருந்தாளா? கேளுங்கள் சகோதரி. எல்லாத் தாயும் வைத்திருப்பாள்.

இளங்கோ_ஓசூர்

நான்காம் நாள் வேலைக்குப் போன கணவரைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நானும் அப்படிப் போனவன். ஆஸ்பத்திரி பில் கட்டவேண்டியிருந்தது. வீட்டில் இருந்தால் என் மனைவி என் முகத்தையும் நான் அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும், எனக்கு அது முடியவில்லை. ஷிப்டில் எட்டு மணி நேரம் இயந்திரத்தின் முன் நின்றால் கை தானாக ஓடும். பைக்கில் வீடு திரும்பும்போது ஹெல்மெட்டுக்குள் அழுவேன். யாரும் பார்க்க முடியாத இடம் அது ஒன்றுதான் இருந்தது.

வந்தவர்கள் எல்லாரும் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: 'அவள் எப்படி இருக்கிறாள்?' நான் எப்படி இருக்கிறேன் என்று என் தாய்மாமன் ஒருவர் மட்டும் கேட்டார். டீக்கடையில் வைத்துக் கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. இரண்டு டீ சொன்னார். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை வந்து கூட உட்கார்ந்துவிட்டுப் போவார். உங்கள் வீட்டு மாப்பிள்ளைக்கும் அப்படி ஒருவரை அனுப்புங்கள் அக்கா.

கணேஷ்_1990

துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு என்று படித்திருக்கிறேன். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல். தங்கை இப்போது மறுப்பில் இருக்கிறார், வளையலைக் கழற்றாதது அதனால்தான். அடுத்தடுத்த படிகள் தானாக வரும்.

நிவேதா_உளவியல்

கணேஷ், அந்த ஐந்து படிகளை எலிசபெத் கூப்ளர் ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969-இல் எழுதினார். அவர் பேசியது பெரும்பாலும் சாவை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம். பிறகு அது எப்படியோ எல்லாத் துக்கத்துக்கும் அட்டவணையாகிவிட்டது. வரிசைப்படி யாரும் துக்கப்படுவதில்லை. வளையலை வைத்திருக்கிற பெண்ணுக்குக் குழந்தை இறந்தது நன்றாகவே தெரியும். அவளை 'மறுப்பில் இருக்கிறாள்' என்று சொல்வது அவளுக்கு இன்னும் ஒரு பாரம்.

இளங்கோ எழுதியதைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் என்ற இருவர் 1999-இல் முன்வைத்த கருத்து. துக்கப்படுகிறவர் ஒரு நேரம் இழப்பையே நினைத்து உருகுவார், இன்னொரு நேரம் பில், வேலை, சமையல் என்று வாழ்க்கையின் பக்கம் திரும்புவார். இரண்டுக்கும் இடையே போய்வந்துகொண்டே இருப்பதுதான் இயல்பு என்கிறார்கள். ஒரே வீட்டில் மனைவி ஒரு பக்கத்திலும் கணவன் மறுபக்கத்திலும் நிற்கும்போதுதான் சண்டை வருகிறது. அவள் 'உனக்கு நெஞ்சமே இல்லை' என்பாள், அவன் 'எத்தனை நாள்தான் அழுவாய்' என்பான். இருவருக்கும் ஒரே துக்கம்தான்.

ஊர் அங்கீகரிக்காத துக்கத்தைப் பற்றி அமெரிக்காவில் கென்னத் டோகா 1989-லேயே தனியாக எழுதினார். மதியழகி கேட்ட கேள்வி அதுதான். தாத்தாவுக்கு அழ ஊரே கூடுகிறது, இந்தக் குழந்தைக்கு அழ ஊர் அனுமதி தரவில்லை. அனுமதி தருவது ஒரே ஒருவராக இருந்தாலும் போதும் என்பது என் அனுபவம். அவளிடம் போய் 'குழந்தையைப் பற்றிச் சொல்லேன்' என்று கேளுங்கள். வயிற்றில் எப்படி உதைத்தது, எந்தப் பாட்டுக்கு அசைந்தது என்று ஒன்பது மாதத்துக் கதை அவளிடம் இருக்கிறது.

எப்போது பயப்படவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அழுகை, தூக்கமின்மை, பிற குழந்தைகளைப் பார்க்க முடியாமை எல்லாம் இந்த வாரங்களில் எதிர்பார்க்கக்கூடியவை. ஆனால் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வு குழந்தையை இழந்த தாய்க்கும் வரும், அதிகமாகவே வரும். சாப்பாட்டை அடியோடு விட்டாலோ, பல இரவுகள் கண்ணே மூடாவிட்டாலோ, இல்லாத குரல் கேட்பதாகச் சொன்னாலோ, 'நானும் அவளோடு போயிருக்கலாம்' என்று பேசினாலோ காத்திருக்கவேண்டாம். தனியே விடாமல் அன்றே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். சாக நினைக்கிறாயா என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். இலங்கையிலிருந்து படிக்கிறவர்களுக்கு 1926.

துக்கம் நீண்டு வாழ்க்கையை முடக்கிவிட்டால் அதைத் தனி நோயாக உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியல் இப்போது ஏற்கிறது. ஆனால் அதற்கே குறைந்தது ஆறு மாதமாவது ஆகியிருக்கவேண்டும். ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணைப் பார்த்து 'இன்னுமா' என்று யாரும் கேட்கக்கூடாது.

துளசி_லெஸ்டர்

இங்கிலாந்தில் எனக்கு நடந்தது. குழந்தையைக் குளிரூட்டிய தொட்டிலில் வைத்து இரண்டு நாள் என் அறையிலேயே விட்டார்கள். அம்மா ஊரிலிருந்து தொலைபேசியில் 'பார்க்காதே' என்றார். நான் பார்த்தேன், மடியில் வைத்துக்கொண்டேன். இங்கே 24 வாரத்துக்குப் பிறகு இறந்து பிறந்தால் பெற்றோர் இருவருக்கும் இரண்டு வாரத் துக்க விடுப்பு 2020 ஏப்ரலிலிருந்து சட்டப்படி உண்டு, தாய்க்குப் பேறுகால விடுப்பும் உண்டு. எல்லாம் கிடைத்தது. கட்டிப்பிடித்து ஒப்பாரி வைக்க ஒரு அத்தை, ஒரு பெரியம்மா இல்லை. மதி, உங்கள் தங்கையைச் சுற்றி அவ்வளவு பேர் இருக்கிறார்கள். அவர்களை அழ விடுங்கள்.

முத்துவேல்_ஓய்வு

எல்லாவற்றையும் படித்தேன். ஒன்று சொல்லவேண்டும் என்று தோன்றுகிறது. என் அண்ணன் குழந்தையையும், வேறு இரண்டு உறவினர் குழந்தைகளையும் நானே கையில் ஏந்திக் கொண்டுபோயிருக்கிறேன். வெள்ளைத் துணி, மஞ்சள், ஒரு சங்குப் பால். நாய் தோண்டாமல் இருக்க மேலே முள் வெட்டிப் போடுவோம். அந்தக் கனம் இல்லாத கனம் கையில் நிற்கும். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டால் அதோடு முடிந்தது, எவரும் கேட்கமாட்டார்கள், நாமும் சொல்லமாட்டோம்.

சித்தப்பாவைக் கேட்பதானால் கேளுங்கள் மகளே. ஆனால் அவரைக் கூட்டத்தின் நடுவில் உட்காரவைத்துக் கேட்கவேண்டாம். முதலில் நீங்கள் தனியாகப் பேசுங்கள். அவருக்கும் அது லேசான காரியமாக இருந்திருக்காது. துணிமணிகளைப் பரணில் வைப்பது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன்.

மதியழகி_கரூர்

எல்லாருக்கும் நன்றி. முத்துவேல் ஐயா சொன்னபடி முதலில் சித்தப்பாவிடம் தனியாகப் பேசினேன். நான் கேட்டதும் மனிதர் எழுந்து போய்விட்டார். இரண்டு நாள் கழித்து அவராகவே வந்தார். தங்கை பக்கத்தில் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். நல்ல நீளம், அப்பா மாதிரி மூக்கு, இடது காதுக்குப் பின்னால் சின்ன மச்சம். அமராவதிக் கரையில் வேப்பமரத்துக்குக் கிழக்கே வைத்திருக்கிறார். சொல்லி முடித்ததும் அவர்தான் முதலில் உடைந்தார். அம்மா அடுப்படியிலிருந்து ஓடிவந்து தங்கையைக் கட்டிக்கொண்டார். மூன்று பேரும் அழுதார்கள். அம்மா அந்தப் பேத்திக்காக அழுது நான் பார்த்தது அதுவே முதல் தடவை.

பெயர் வைத்திருந்தாள், ரஹ்மத் அண்ணன் சொன்னது சரிதான். அதை இங்கே எழுதவேண்டாம் என்கிறாள்.

ஆனால் புதிதாக ஒன்று தொடங்கியிருக்கிறது. 'நான் மாடிப்படி ஏறினேன், அதனால்தான்', 'கிரகணத்தன்று வெளியே போனேன்', 'அசைவு குறைந்ததை முதல் நாளே சொல்லியிருக்கவேண்டும்' என்று ஒவ்வொன்றாகச் சொல்லித் தன்னையே குற்றம் சாட்டுகிறாள். மாமியார் வீட்டில் யாரோ கிரகணப் பேச்சை எடுத்திருக்கிறார்கள். இதற்கு என்ன பதில் சொல்வது? அவள் வேலை பார்க்கும் துணி ஏற்றுமதி நிறுவனத்தில், குழந்தைதான் இல்லையே, எப்போது வருகிறாய் என்றும் கேட்கிறார்கள். ஆறாவது வாரப் பரிசோதனைக்கும் போகவேண்டும். அங்கே பிள்ளைத்தாய்ச்சிகளோடு வரிசையில் உட்காரவேண்டுமே என்று இப்போதே நடுங்குகிறாள்.

செவிலியர்_பிரசவப்பிரிவு

படியேறியதால் குழந்தை இறப்பதில்லை. கிரகணத்தாலும் இல்லை. இதை நீங்கள் சொல்வதைவிட அவளுடைய மருத்துவர், அவள் கணவரும் மாமியாரும் இருக்கும்போது, வாயால் சொல்லவேண்டும். சொல்லும்படி நீங்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நஞ்சுக்கொடி சரியாக வேலை செய்யாதது, இரத்த அழுத்தம், சர்க்கரை, தொற்று, குழந்தையின் பிறவிக் குறை, தொப்புள்கொடிச் சிக்கல் என்று காரணங்கள் பல. எல்லாச் சோதனையும் செய்த பிறகும் காரணம் தெரியாமல் போவதும் உண்டு, அதற்கும் மனதைத் தயார்ப்படுத்துங்கள். அசைவு குறைவதைக் கவனித்து அவளே மருத்துவமனைக்கு வந்தாள். கவனமில்லாத தாய் செய்கிற காரியமா அது?

நஞ்சுக்கொடியைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அனுப்பினால் அறிக்கை எங்கே என்று கேளுங்கள். அடுத்த முறை கருத்தரித்தால் அந்தத் தாள்தான் மருத்துவருக்கு வழிகாட்டும்.

வேலை விஷயம்: மகப்பேறு உதவி பற்றிய சட்டத்தில் குழந்தை என்றால் இறந்து பிறந்த குழந்தையும் சேர்த்திதான். 26 வாரம் வரை நேர்வதைத்தான் கருச்சிதைவு என்று கணக்கிடுகிறார்கள், அதற்கு ஆறு வாரம் விடுப்பு. உங்கள் தங்கைக்கு நடந்தது பிரசவம். தேவையான நாட்கள் வேலை பார்த்திருந்தால் முழு மகப்பேறு விடுப்பும் ஊதியமும் அவளுக்கு உண்டு. ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருந்தால் அதன் வழியே கிடைக்கும். எழுத்தில் விண்ணப்பியுங்கள், வாய்ப்பேச்சில் விடாதீர்கள்.

பரிசோதனைக்குப் போகுமுன் வார்டுக்கு போன் செய்து பொறுப்புச் செவிலியரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். கடைசி டோக்கன் கேளுங்கள், அல்லது மதியத்துக்கு மேல் வரலாமா என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். சீட்டின் மேலேயே குழந்தை இறந்து பிறந்தது என்று சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள். இல்லையென்றால் விவரம் தெரியாத யாராவது 'பாப்பா எங்கே, தடுப்பூசி போட்டாச்சா' என்று கேட்டுவிடுவார்கள். கணவரும் கூடப் போகட்டும். உள்ளே போனதும் கேள்விகள் மறந்துபோகும், ஒரு தாளில் எழுதிக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

மதியழகி_கரூர்

போன் செய்தேன். வியாழக்கிழமை இரண்டு மணிக்கு மேல் வரச் சொன்னார்கள். மாப்பிள்ளை அரை நாள் விடுப்புப் போட்டிருக்கிறார். கேள்விகளை அவரே எழுதிக்கொண்டிருக்கிறார், இதுவரை ஒன்பது சேர்ந்திருக்கின்றன.